வீட்டுக்கு ட்ரெட்மில்: எச்.பி.யைப் பார்ப்பதா, பெல்ட்டைப் பார்ப்பதா?

ஜூன் 2, இரவு 9.20 | மாடிவீடு

இரண்டாவது மாடி, 10-க்கு 12 அடி அறை. நடக்கப்போவது மூன்று பேர்: 82 கிலோ, 64 கிலோ, 71 வயது அப்பா. ஆளுக்கு அரை மணி நேரம், தினமும். ஓடுகிற எண்ணம் யாருக்கும் இல்லை. கடையில் ஒரே விலைக்கு இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்று 4 எச்.பி., இன்னொன்று 2 எச்.பி. பெரிய மோட்டார் என்றால் திணறாமல் பல வருஷம் உழைக்கும், அதனால் 4 எச்.பி.யே எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. சரிதானே?

ஜூன் 2, இரவு 10.05 | ஸ்பானர்

சரியில்லை சார். அந்த 4-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பீக்' என்று இருக்கும். அது மோட்டார் ஒரு நொடி இழுத்துப் பிடிக்கிற சக்தி. அரை மணி நேரம் விடாமல் தருவது 'கன்டினியூவஸ்'. 2 எச்.பி.க்குப் பக்கத்தில் கன்டினியூவஸ் என்று போட்டிருந்தால் இரண்டில் அதுதான் வலுவான மோட்டாராக இருக்க வாய்ப்பு.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு எச்.பி. என்பது 746 வாட். நாலுக்கு 2,984 வாட். 230 வோல்ட்டில் அது 13 ஆம்ப்ஸ், இழப்பைச் சேர்க்காமலே. இப்போது மெஷினோடு வரும் பிளக்கைப் பாருங்கள். சாதாரண 6 ஆம்ப்ஸ் பிளக் என்றால் அதன் வழியாக 1,380 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, எச்.பி.யில் சொன்னால் 1.85. சுவரிலிருந்து வராத சக்தி பெல்ட்டுக்கு எங்கிருந்து வரும்? மெஷின் அடியிலோ முன்பக்கமோ ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதிலுள்ள வாட் எண்ணைப் போட்டோ எடுத்து வாருங்கள். விளம்பரத் தாளில் இருப்பது வேண்டாம்.

நடைக்கு மட்டும் என்றால் கன்டினியூவஸ் 1.5 முதல் 2 போதும். ஓடுவதாக இருந்தால் 2.5, 3.

ஜூன் 3, காலை 7.10 | ஸ்பானர்

நேற்று மோட்டாரைப் பற்றியே எழுதிவிட்டேன். வீட்டு ட்ரெட்மில்லில் முதலில் போவது பெரும்பாலும் மோட்டார் இல்லை, கன்ட்ரோலர் போர்டு, அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் சர்க்யூட். அது போவதற்குக் காரணம் பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெய் காய்ந்துபோவது. ஒன்றிலிருந்து ஒன்றாக இப்படி நடக்கிறது:

பெல்ட் காற்றில் ஓடவில்லை. அடியில் ஒரு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை இருக்கிறது. கால் விழும்போதெல்லாம் 80 கிலோவும் பெல்ட்டை அந்தப் பலகைமேல் அழுத்துகிறது. அழுத்தின மேனிக்கே பெல்ட் நகர வேண்டும். நடுவில் சிலிகான் ஆயில் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்துவிட்டால் உராய்வு ஏறும். நீங்கள் 4 கி.மீ. வேகம் வைத்திருக்கிறீர்கள், அதை விடாமல் பிடிக்க மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். அந்தக் கரண்ட் முழுக்கப் போர்டு வழியாகத்தான் போகிறது. போர்டில் உள்ள பவர் ட்ரான்சிஸ்டர் தினமும் சூடேறிச் சூடேறி ஒருநாள் போய்விடும். வீட்டில் உள்ளவர்கள் "மோட்டார் எரிந்துவிட்டது" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கும், பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்திருக்கும், பலகையில் கால் விழுகிற இரண்டு இடமும் பழுப்பேறியிருக்கும்.

அதனால் வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு. பலகை எத்தனை மி.மீ. கனம்? 18-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒருபக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட முடியுமா? பெல்ட் அகலம் எவ்வளவு? நடைக்கு 42 செ.மீ. போதும் என்று எழுதியிருப்பார்கள். 71 வயதுக்காரர் ஏறுகிற மெஷினுக்கு 45-க்குக் கீழே போகாதீர்கள். வயதானால் கால் பக்கவாட்டில் கொஞ்சம் அலையும், ஓரத்துச் சட்டத்தில் பாதி கால் பட்டால் விழுந்துவிடுவார். நீளம் 120 முதல் 125 போதும். 50-க்கு 140 பெல்ட் ஓடுகிறவர்களுக்கு.

'அதிகபட்ச எடை 100 கிலோ' என்று போட்டிருந்தால் 80 கிலோ ஆளுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 82-க்கு 110 கிலோ மாடல் பாருங்கள்.

ஜூன் 3, காலை 7.25 | ஸ்பானர்

விட்டுப்போன ஒன்று. மெதுவாக நடப்பது மெஷினுக்கு லேசான வேலை என்று நினைக்க வேண்டாம். கனமான ஆள் 2 கி.மீ. வேகத்தில் நடப்பதுதான் இந்த மோட்டார்களுக்குச் சிரமம். கால் பெல்ட்மேல் இருக்கும் நேரம் அதிகம்; மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு தணியாது. அப்பா மெதுவாக நடக்கலாம். 82 கிலோக்காரர் 4 கி.மீ.க்கு மேல் நடப்பது மெஷினுக்கும் நல்லது.

ஜூன் 3, மதியம் 1.40 | வயரிங்

மெஷினைப் பற்றிப் பேசுகிறீர்கள், சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

15 ஆம்ப்ஸ் பவர் பிளக் பாயின்ட் வேண்டும். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்குத் தனியாக 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே விழுகிற சுவிட்ச்), 'சி' வகை. கிளம்பும்போது கரண்ட் ஒரு கணம் எகிறும். 'பி' வகை போட்டால் சும்மா சும்மா விழும். ஏ.சி. ஓடுகிற பாயின்ட்டிலிருந்து இழுக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், அதன் வயர் பெரும்பாலும் மெல்லிசு, பிளக் முனை உருகிவிடும்.

எர்த் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பெல்ட் பலகைமேல் உரசுவதால் நிலைமின்சாரம் சேரும். எர்த் இல்லையென்றால் கைப்பிடியைத் தொட்டதும் சுரீர் என்று அடிக்கும், டிஸ்ப்ளே நடுவில் உறைந்து நிற்கும். போர்டு கெட்டுவிட்டது என்று சர்வீஸ்காரரைக் கூப்பிடுவார்கள், குறை பாயின்ட்டில் இருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கொடுக்காதீர்கள். கரண்ட் போனால் பெல்ட் தானாக நிற்கும், அதுவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வழி. அப்பாவுக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

ஜூன் 3, இரவு 8.50 | மாடிவீடு

இரண்டு கேள்வி. மாடித் தளம் தாங்குமா? கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்குமா?

ஜூன் 3, இரவு 9.30 | வயரிங்

தாங்கும். குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. மெஷின் 70, ஆள் 82, சேர்த்து 152 கிலோ. மெஷின் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 127 கிலோதான் வருகிறது. விரிசல் விட்ட பழைய தளமாக இருந்தால் பொறியாளரிடம் காட்டிவிட்டு வையுங்கள்.

சத்தம் வேறு விஷயம். மோட்டார் சத்தம் கீழே போகாது, காலடி அதிர்வு போகும். 8 முதல் 10 மி.மீ. ரப்பர் விரிப்பு போடுங்கள். அறையின் நடுவில் வைக்காமல் பீம் போகிற சுவரை ஒட்டினாற்போல வையுங்கள்; தளம் நடுவில்தான் அதிகம் அதிரும். பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள். வெயில், மழைச்சாரல், தூசி மூன்றும் போர்டுக்கு ஆகாது. கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று போல்ட்டுகளையும் தின்றுவிடும்.

ஜூன் 4, காலை 6.15 | காலைநடை

உடற்பயிற்சிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நடக்க மட்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வேகத்துக்குப் பணம் கொடுக்காமல் சாய்வுக்குக் கொடுங்கள். பட்டனில் ஏறி இறங்குகிற ஆட்டோ சாய்வு. அடியில் கையால் மாற்றும் மூன்று நிலைச் சாய்வு இருப்பதும் இல்லாததும் ஒன்று. மூன்று பேர் நடக்கிற வீட்டில் யாரும் தினமும் குனிந்து தூக்கி மாற்ற மாட்டார்கள்.

கணக்கு இதோ. மணிக்கு 5 கி.மீ. சமதள நடைக்கு உடல் எடுக்கும் ஆக்சிஜன், கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11.8 மி.லி. அதே வேகத்தில் 5 சதவீதச் சாய்வு வைத்தால் 19.3. பத்து சதவீதம் வைத்தால் 26.8. மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் ஓடினாலும் அதே 26.8-தான். ஓடாமலே ஓட்டத்தின் பலன், முழங்காலில் குதித்து விழுகிற அடி இல்லாமல். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாட்டில் போட்டு எடுத்த எண்கள் இவை.

சதவீதமும் டிகிரியும் ஒன்றல்ல. 15 சதவீதம் என்பது 8.5 டிகிரி. சில கடைகளில் 'லெவல் 15' என்பார்கள், அது இரண்டுமாக இல்லாமலும் இருக்கலாம். கேட்டு எழுதி வாங்குங்கள்.

எப்போதும் 1 சதவீதம் சாய்வு வைத்து நடங்கள், அப்போதுதான் ரோட்டில் நடப்பதற்குச் சமம்.

ஜூன் 4, காலை 9.00 | காலைநடை

கடைசி வரியைத் திருத்துகிறேன். அந்த 1 சதவீதம் காற்றெதிர்ப்பை ஈடுகட்டுவதற்காக வேகமாக ஓடுகிறவர்களுக்குச் சொன்னது. 4, 5 கி.மீ. நடையில் காற்றெதிர்ப்பு ஒரு பொருட்டே இல்லை.

முக்கியமானதை எழுதாமல் விட்டிருந்தேன். சாய்வு வைத்துவிட்டுக் கைப்பிடியில் தொங்கினால் மேலே சொன்ன எண்கள் எதுவும் உண்மையில்லை. உடல் பின்னால் சாய்ந்து, பெல்ட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்; சமதளத்தில் நடக்கிற மாதிரிதான் ஆகும். பிடிக்காமல் நடக்க முடிகிற அளவுக்குச் சாய்வை இறக்குங்கள். அப்பாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் சமதளத்தில், லேசாகத் தொட்டுக்கொண்டு நடக்கட்டும்.

71 வயது என்பதால் ஆரம்பிக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டி.எம்.டி. பரிசோதனையின் வழக்கமான முறையில் முதல் கட்டமே மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சாய்வு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் ஏறும். வேகம் ரொம்பக் குறைவு, ஆனாலும் இதயத்துக்கு அது வேலைதான். வீட்டில் சும்மா பட்டனை அழுத்திப் பார்க்கிற விஷயம் இல்லை அது.

திரையில் காட்டும் கலோரியை நம்பாதீர்கள். 70 கிலோ ஆளுக்கு அரை மணி நேரம் 5 கி.மீ. சமதள நடை சுமார் 125 கலோரி, 5 சதவீதச் சாய்வில் சுமார் 200. திரை இதைவிட நிறையக் காட்டினால், உங்கள் எடையை அது கேட்டதா என்று பாருங்கள்.

ஜூன் 4, இரவு 10.10 | மாடிவீடு

வீட்டுக்குள் செருப்பு போடுவதில்லை. வெறுங்காலில் நடக்கலாமா?

ஜூன் 5, காலை 7.00 | ஸ்பானர்

வேண்டாம். பெல்ட்டின் மேற்பரப்பு சொரசொரப்பு, பத்து நிமிஷத்தில் சூடேறும், பாதத்தில் கொப்புளம் வரும். தெருவில் போட்ட ஷூவும் வேண்டாம், அது இன்னும் மோசம். அடியில் ஒட்டின மணல் பெல்ட் ஓரமாக உள்ளே போய்ப் பலகைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆளுக்கு ஒரு ஜோடி ஷூ, வாசலைத் தாண்டாதது, மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

புடவை, வேட்டி, துப்பட்டாவோடு ஏறக் கூடாது. பின் ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே முந்தானை போனால் மெஷின் விடாமல் இழுக்கும். சேஃப்டி கீயின் (பிடுங்கினால் மெஷினை நிறுத்திவிடும் சாவி) கிளிப்பைச் சட்டையில் மாட்டுவது எல்லாருக்கும் கட்டாயம். மாட்டியபின் ஒருமுறை பின்னால் நகர்ந்து, கீ உண்மையிலேயே பிடுங்கிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள்; சிலதில் கயிறு ரொம்ப நீளம்.

பின்னால் 2 மீட்டர் காலி இடம் வேண்டும், பக்கத்தில் அரை மீட்டர். ஐரோப்பியத் தரநிலை சொல்வது அது. உங்கள் 12 அடி என்பது 366 செ.மீ. மெஷின் 165, பின்னால் 200, மொத்தம் 365. உட்காருகிறது, ஆனால் முன்னால் பிளக்குக்கு இடமில்லை. பின்பக்கம் அறை வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள், இடப் பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 5, காலை 8.20 | காலைநடை

ஸ்பானர் சார், குழந்தை வந்துபோகிற வீடானால் அது ஆபத்து. பின்பக்கம்தான் இழுக்கிற பக்கம். வாசல் வழியாக ஓடிவரும் குழந்தை நேரே அங்கேதான் வரும், நடக்கிறவருக்குத் தெரியாது. 2021-இல் அமெரிக்காவில் பெலோட்டன் ட்ரெட் பிளஸ் மெஷின்கள் சுமார் 1,25,000 திரும்பப் பெறப்பட்டது இந்தப் பின்பக்கத்தால்தான். ஒரு குழந்தை உயிரே போனது.

ஜூன் 5, காலை 8.45 | ஸ்பானர்

ஒப்புக்கொள்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டது தவறு. வாசலைப் பார்த்து வைத்தால் நடக்கும்போது கதவைத் தாழ் போட முடியாது, இடம் போய்விடும். அதனால், வயரிங் சொன்ன சுவரோரத்தை விட்டுக்கொடுத்து, அறையின் மூலைவிட்டமாக வையுங்கள். 10-க்கு 12 அறையில் மூலைக்கு மூலை 15 அடிக்கு மேல் வரும். மூலைகள் குறுகுவதால் முழுவதும் கிடைக்காது, ஆனாலும் பின்னால் 2 மீட்டரும் முன்னால் பிளக் இடமும் கிடைக்கும். கதவைச் சாத்திவிட்டு நடங்கள். முடிந்ததும் சேஃப்டி கீயைக் கழற்றி பீரோவில் வையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள்.

ஜூன் 5, மதியம் 12.30 | வயரிங்

மூலைவிட்டமாக வைத்தால் ஆள் தலை ஃபேனுக்கு அடியில் வரும். தளம் 2.75 மீட்டர் உயரம், ஃபேன் இறக்கை 30 செ.மீ. கீழே என்றால் தரையிலிருந்து 2.45. மெஷின்மேல் ஏறினாலே 15, 18 செ.மீ. உயரம் கூடும், சாய்வு வைத்தால் முன்பக்கம் இன்னும் தூக்கும். 170 செ.மீ. ஆள் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் இறக்கைக்குக் கிட்டத்தட்டப் போய்விடும். மேலே ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு சுவர் ஃபேன் போடுங்கள்.

ஜூன் 6, இரவு 9.45 | ஸ்பானர்

மெஷின் வந்து இறங்கியதும் செய்ய வேண்டியவை. பொருத்துகிறவர் கிளம்பும் முன், அவர் எதிரிலேயே.

பெல்ட் இழுப்பு: நடுப்பகுதியில் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். 5 முதல் 7 செ.மீ. எழும்பினால் சரி. எழும்பவே இல்லையென்றால் ரொம்ப இறுக்கம், ரோலர் பேரிங் போகும்.

நேர்கோடு: ஆள் ஏறாமல் 5 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள வலது போல்ட்டை ஆலன் கீயால் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும். ஒரு நிமிஷம் காத்திருங்கள், பெல்ட் மெதுவாகத்தான் திரும்பும். பொறுக்காமல் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று போனால் மறுபக்கம் ஏறி ஓரம் கிழியும். இடப்பக்கம் ஒதுங்கினால் இடது போல்ட்.

வேகம்: பெல்ட்டின் குறுக்கே வெள்ளை டேப் ஒன்று ஒட்டுங்கள். பெல்ட் சுற்றளவு 2.8 மீட்டர் என்றால், 5 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிஷத்துக்கு டேப் 30 தடவை வர வேண்டும். 26 தடவைதான் வருகிறது என்றால் நீங்கள் நடப்பது 4.4.

காலடி: 82 கிலோக்காரர் ஏறி 3 கி.மீ.யில் நடக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் ஒரு கணம் தயங்கினால் எண்ணெய் இல்லை, இல்லையென்றால் பெல்ட் தளர்வு. பெல்ட் நின்று முன் ரோலர் மட்டும் சுற்றினால் நடைபெல்ட் தளர்ந்திருக்கிறது. ரோலரும் நின்று மோட்டார் மட்டும் சுற்றினால், உள்ளே மோட்டாரையும் ரோலரையும் இணைக்கும் சின்ன டிரைவ் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் பின் போல்ட்டை முறுக்குகிறார்கள்.

சந்தேகமென்றால் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கருவி) பவர் வயரில் மாட்டி, ஆள் ஏறும்போது எவ்வளவு ஆம்ப்ஸ் ஏறுகிறது என்று குறித்துவையுங்கள். பின்னாளில் அதே வேகத்தில், அதே ஆளுக்கு அந்த எண் ஏறிக்கொண்டே போனால் உராய்வு கூடுகிறது என்று அர்த்தம்.

ஜூன் 6, இரவு 10.20 | வயரிங்

முழு வயரில் மாட்டினால் சுழியம்தான் காட்டும். போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பேஸ் வயர் ஒன்றை மட்டும் கிளாம்ப்புக்குள் விட வேண்டும். எம்.சி.பி. பெட்டியில் அதைச் செய்வது எலக்ட்ரீஷியன் வேலை, நீங்கள் திறக்காதீர்கள்.

ஜூன் 8, மாலை 6.30 | மாடிவீடு

கடைக்குப் போய் வந்தேன். '4 எச்.பி.' மாடல்: லேபிளில் 1,100 வாட், 6 ஆம்ப்ஸ் பிளக், பெல்ட் 41 செ.மீ., பலகை 12 மி.மீ., கைச் சாய்வு. '2 எச்.பி.': கன்டினியூவஸ் என்றே எழுதியிருக்கிறது, 1,900 வாட், பெரிய பிளக், பெல்ட் 45-க்கு 125, பலகை 18, ஆட்டோ சாய்வு 12 சதவீதம், 110 கிலோ. மோட்டாருக்கு 5 வருஷ வாரன்ட்டி, போர்டுக்கு 1 வருஷம். இரண்டாவதுதானே?

ஜூன் 8, இரவு 8.00 | ஸ்பானர்

இரண்டாவதே. மோட்டாரின் 5 வருஷத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், போர்டின் 1 வருஷத்தை 2 ஆக்கித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள். முடியாதென்றால் போர்டு தனியாக என்ன விலை, உங்கள் ஊரில் கையிருப்பு உண்டா, சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள்.

எண்ணெய் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பார்கள். ஒரு ஆள் நடந்தால் அது சரி. மூன்று பேர், ஆளுக்கு அரை மணி, 4.5 கி.மீ. வேகம் என்றால் நாளைக்கு 6.75 கி.மீ., மாதத்துக்கு 200. மூன்று மாத எண்ணெயை ஒரே மாதத்தில் தீர்த்துவிடுவீர்கள். அதனால் மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டுக்கு அடியில், கால் விழுகிற இடத்தில் கையை விட்டுத் தடவுங்கள். விரலில் வழவழப்பு ஒட்டினால் விடுங்கள். காய்ந்திருந்தால் கலப்படமில்லாத சிலிகான் ஆயில், பக்கத்துக்கு 10 மி.லி. பாட்டில் மூக்கை 15 செ.மீ. உள்ளே விட்டு, முன்பாதியில் வளைத்து வளைத்துப் பீச்சுங்கள். ஆள் இல்லாமல் 4 கி.மீ. வேகத்தில் மூன்று நிமிஷம் ஓடவிட்டால் பரவிவிடும். கூடப் போட்டால் பெல்ட் வழுக்கும், ஓரத்தில் வழிந்து தூசியைச் சேர்க்கும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் ஆகாது, பெல்ட்டின் அடித்துணி ஊறிக் கெட்டுவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்மூடியைக் கழற்றித் தூசி எடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிஷம் கழித்துத் திறங்கள், போர்டு கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். பல்லி உள்ளே போகிற ஓட்டை இருந்தால் மெல்லிய கம்பிவலை வைத்து அடையுங்கள், காற்று போகிற வழியை மட்டும் மூடிவிடாதீர்கள்.

ஜூன் 8, இரவு 8.15 | மாடிவீடு

எண்ணெய் பாட்டில் மெஷினோடு வருமா?

ஜூன் 8, இரவு 8.20 | ஸ்பானர்

சின்னதாக ஒன்று வரும், ஒன்றிரண்டு தடவைக்குத்தான் காணும். மெஷின் வாங்குகிற அன்றே அரை லிட்டர் பாட்டில் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். தடவிப் பார்க்க வேண்டிய தேதியை அந்த அறையிலுள்ள காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுவையுங்கள்.